வீட்டுக்கு பெயின்ட் அடிக்கப் போறீங்களா? அடிக்கிறதைவிட சுரண்டுறதுலதான் சிக்கல்!

அஸ்தம்பட்டி ரவுண்டானாவைத் தாண்டி, ஏற்காடு சாலையை ஒட்டிய தெருக்களில் ஒரு நடை போய்ப் பாருங்கள். அபார்ட்மென்ட்களுக்கு நடுவே தாத்தா காலத்து வீடுகள் இன்னும் நிற்கின்றன. கம்பி வைத்த மர ஜன்னல், பச்சையோ நீலமோ அடித்த இரும்பு கேட், வராண்டாவில் கிரில், உள்ளே ஊஞ்சல். பொங்கலோ கல்யாணமோ நெருங்கினால் இந்த வீடுகளில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பிக்கும். `கர்ர்ர்... கர்ர்ர்...' பழைய பெயின்ட்டைச் சுரண்டும் சத்தம்.

"பழசை எடுக்காம மேல அடிச்சா ஆறே மாசத்துல உரிஞ்சு வந்துடும்ங்க" என்பார் மேஸ்திரி. தொழில்ரீதியா அவர் சொல்வது சரிதான். உடனே இரண்டு பையன்கள் தகடும் உப்புத்தாளுமாக ஜன்னல் மேல் ஏறுவார்கள். அவசர வேலை என்றால் கையில் சாண்டிங் மெஷின். அரை மணி நேரத்தில் வராண்டா முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி. உள் அறையில் தொட்டிலில் குழந்தை. வீட்டு அம்மா டீ கொண்டுவந்து கொடுப்பார். பையன் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, பிஸ்கட்டை அந்த டீயில் முக்கிச் சாப்பிடுவான்.

இதில் எது ஆபத்து என்று கேட்டால் நம்மில் பலர் "பெயின்ட் வாசனை" என்போம். குழந்தையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புவதுகூட பெயின்ட் அடிக்கும் நாளில்தான். ஆனால், பழைய வீட்டில் நிஜமான பிரச்னை, அதற்கு இரண்டு நாள் முன்னாடியே பறந்த அந்தப் பொடி. காரணம், அதில் ஈயம் இருக்கலாம்.

எந்த ஈயம்?

ஈயம் என்றதும் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு ஞாபகத்துக்கு வரும். அது வெள்ளீயம், வேறு உலோகம். நாம் பேசுவது காரீயம். கார் பேட்டரியில் இருப்பது, மீன் வலையில் குண்டாகக் கட்டுவது. பெயின்ட்டில் இதை ஏன் போட்டார்கள்? நல்ல காரணங்களுக்காகத்தான். ஈயக் கலவைகள் சேர்ந்தால் எண்ணெய் பெயின்ட் சீக்கிரம் காயும், இரும்பு துருப்பிடிக்காது, மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் வருஷக்கணக்கில் மங்காமல் பளிச்சென்று இருக்கும். லெட் குரோமேட் என்கிற மஞ்சள் நிறமி இதற்குப் பேர்போனது. அதோடு நீலத்தைக் கலந்தால் பச்சை. (பங்களாதேஷில் மஞ்சள்தூளுக்கு நிறமேற்றக் கலந்து மாட்டிக்கொண்டார்களே, அதே லெட் குரோமேட்தான். ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு இது கூடுதல் கவலை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

இந்தியாவில் விற்ற பெயின்ட்களில் 69 மாதிரிகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2008-ல் வெளியானது. டெல்லியைச் சேர்ந்த `டாக்சிக்ஸ் லிங்க்' அமைப்பினர் செய்தது. சுவருக்கு அடிக்கும், தண்ணீர் கலக்கும் பெயின்ட்களில் ஈயம் மிகக் குறைவு. எனாமலில்தான் பூதம் இருந்தது. ஆயிரக்கணக்கான பிபிஎம் சர்வசாதாரணம். ஒரு லட்சம் பிபிஎம்-ஐத் தாண்டியதும் உண்டு. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு லட்சம் பிபிஎம் என்றால் காய்ந்த பெயின்ட்டில் பத்தில் ஒரு பங்கு ஈயம்!

அதனால் நம்ம ஊர் பழைய வீட்டில் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பது ஓரளவு தெளிவு. சுண்ணாம்பு அடித்த சுவரில் இந்தப் பயம் இல்லை. டிஸ்டம்பர், எமல்ஷன் அடித்த சுவரிலும் பெரிய பயம் இல்லை. கதவு, ஜன்னல், கிரில், கேட், மர பீரோ, ஊஞ்சல், தொட்டில் கம்பி, அப்புறம் அழுக்குத் தெரியக்கூடாது என்று சுவரின் கீழ்ப்பகுதியில் மூன்று, நான்கு அடி உயரத்துக்கு பளபளவென்று ஆயில் பெயின்ட் அடித்திருப்பார்களே, அது. சரியாகக் குழந்தையின் கை எட்டும் உயரம். இரும்புக்கு அடியில் இருக்கும் பிரைமரும் பட்டியலில் உண்டு. செங்கல் நிறத்தில் இருக்கும் ரெட் ஆக்சைடு இரும்புத் துருவின் இனம். பழைய இரும்பில் ஆரஞ்சு கலந்த சிவப்பாக ஓர் அடுக்கு தெரிந்தால் அது ரெட் லெட், அதாவது ஈயச் செந்தூரமாக இருக்க வாய்ப்பு உண்டு. கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்லுது?

வீட்டு உபயோக, அலங்கார பெயின்ட்களில் ஈயத்தின் அளவு பற்றிய விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 நவம்பர் 1 அன்று வெளியிட்டது. ஒரு வருடம் கழித்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 90 பிபிஎம்-க்கு மேல் ஈயம் இருக்கும் வீட்டு பெயின்ட்டைத் தயாரிக்கவோ, விற்கவோ, இறக்குமதி செய்யவோ கூடாது. 90-ஐத் தாண்டவில்லை என்று டப்பாவில் அச்சிட வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால், இரண்டு ஓட்டைகள். ஒன்று, இது வீட்டு பெயின்ட்டுக்கு மட்டும். தொழிற்சாலைக்கான பெயின்ட்கள் இதில் வராது. பட்டறையில் மிச்சமான டப்பாவை "நல்ல சரக்கு, வீணாப் போகுதே" என்று நம் வீட்டு கேட்டுக்கு அடித்தால் சட்டம் எட்டிப் பார்க்காது.

இரண்டாவதுதான் முக்கியம். இது கடையில் இருக்கும் டப்பாவைப் பற்றிய சட்டம். உங்கள் ஜன்னலில் 1975-லிருந்து ஏழு கோட்டாக உட்கார்ந்திருக்கும் பெயின்ட்டைப் பற்றி இந்த விதிகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை யார் சுரண்டலாம், எப்படிச் சுரண்டலாம், பொடியை என்ன செய்வது, எதுவும் இல்லை. 2017-க்கு முன் எனாமல் அடித்த எந்த வீடும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. `பழைய வீடு' என்றால் ஓட்டு வீடு மட்டும் இல்லை, 2005-ல் கிரகப்பிரவேசம் நடந்த வீடும்தான்.

ஒரு கிராம் பொடி, ஒரு முழு வீடு

இது புதுசாகக் கண்டுபிடித்த பயமும் இல்லை. 1904-லேயே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லாக்ஹார்ட் கிப்சன் என்கிற கண் மருத்துவர், குழந்தைகளுக்கு வந்த ஈய நஞ்சுக்கு வராண்டா கைப்பிடிக் கம்பிகளின் பெயின்ட்தான் காரணம் என்று எழுதினார். வெயிலில் பொடியாக உதிர்ந்த பெயின்ட் விரலில் ஒட்டி வாய்க்குப் போயிருக்கிறது. வெயில், வராண்டா, கம்பி... நம்ம ஊர் மாதிரியே இல்லை? 1921-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 13-வது உடன்படிக்கை, பெயின்டர்களுக்காகவே வந்தது. உலர்ந்த பெயின்ட்டைத் தேய்க்கும்போதும் சுரண்டும்போதும் வரும் தூசியைத் தடுக்க வேண்டும், கை கழுவ வசதி வேண்டும், வேலைக்குத் தனி உடை வேண்டும் என்றது. நூறு வருஷத்துக்கு முந்தைய விதி. நம் வராண்டா பையன் கையை லுங்கியில்தான் துடைக்கிறான்.

அமெரிக்கா 1978-ல் வீடுகளுக்கு ஈய பெயின்ட்டைத் தடை செய்தது. ஆனால், பழைய பெயின்ட் சுவரிலேயே இருக்கிறதே என்பது உறைத்து, 2010 ஏப்ரலிலிருந்து ஒப்பந்ததாரர்களுக்கு ஒரு விதியைக் கொண்டுவந்தார்கள். 1978-க்கு முந்தைய வீட்டில் கூலிக்கு வேலை செய்பவர் பயிற்சி பெற்று சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். தொடங்கும் முன் வீட்டுக்காரரிடம் விளக்கப் புத்தகம் கொடுக்க வேண்டும். நெருப்பால் பெயின்ட்டைக் கருக்கக் கூடாது. தூசியை உறிஞ்சும் ஹெபா ஃபில்டர் பொருத்தாத மெஷினால் தேய்க்கக் கூடாது. கேட்கும்போதே தெரிகிறது... அங்கே தடை செய்ததெல்லாம் இங்கே தினசரி வேலைமுறை.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஒரு சின்னக் கணக்கு. வீட்டுத் தரையில் ஒரு சதுர அடிக்கு 10 மைக்ரோகிராம் ஈயத்தூசி இருந்தாலே ஆபத்து என்று அந்நாட்டு சுற்றுச்சூழல் முகமை 2019-ல் வரையறுத்தது (2024-ல் இன்னும் இறுக்கிவிட்டார்கள்). ஒரு கிராம் பழைய பெயின்ட்டில் ஒரு சதவிகிதம் ஈயம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 10,000 மைக்ரோகிராம். சமமாகப் பரவினால் 1,000 சதுர அடித் தரைக்குப் போதும். ஒரு கிராம் என்பது கால் ஸ்பூன்கூட வராது. ஒரு ஜன்னலைச் சுரண்டினால் எத்தனை கைப்பிடிப் பொடி விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

உடம்புக்குள்ள என்ன பண்ணும்?

தூசி மூக்கு வழியாகவும் போகும், கை வழியாக வாய்க்கும் போகும். பெரியவர்களைவிட சின்னக் குழந்தைகளின் குடல் நான்கைந்து மடங்கு அதிகமாக ஈயத்தை உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். `இந்த அளவு வரை பரவாயில்லை' என்று சொல்லும்படியான பாதுகாப்பான அளவே கிடையாது என்கிறது. ரத்தசோகை இருக்கும் உடம்பு இரும்புக்கு ஏங்கி, ஈயத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்.

நம்ம மாநிலத்து ஆதாரமே உண்டு. சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வு 2009-ல் வெளியானது. சராசரி ஈய அளவு ஒரு டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராமைத் தாண்டியது. உலக சுகாதார நிறுவனம் 5 இருந்தாலே `எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்து' என்கிறது. அளவு கூடக் கூட பதற்றம், கவனச்சிதறல் போன்ற சிக்கல்கள் கூடுவதையும் அந்த ஆய்வு காட்டியது. பெட்ரோலில் ஈயம் 2000-லேயே நாடு முழுக்க நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு எடுத்த ரத்தம் இது. இத்தனைக்கும் பெயின்ட்தான் காரணம் என்று சொல்ல முடியாது. பேட்டரி உருக்கும் பட்டறை, பாத்திரம், மசாலா என்று வழிகள் பல. ஏற்கெனவே இவ்வளவு சுமக்கும் குழந்தை மேல் நாமும் ஒரு கைப்பிடி தூவ வேண்டாமே என்பதுதான் விஷயம்.

இன்னொரு குழந்தையும் இருக்கிறது. உங்கள் வீட்டில் வேலை ஒரு வாரம். பெயின்டருக்கு வருஷம் முழுக்க. சாயங்காலம் அதே சட்டையோடு பைக்கில் போய், "அப்பா!" என்று ஓடிவரும் பிள்ளையைத் தூக்குகிறார். தொழிலாளர்களுக்கான இழப்பீடு பற்றிய சட்டம் ஈயத்தால் வரும் நோயைத் தொழில்சார் நோய் என்று பட்டியலில் வைத்திருக்கிறது. தினக்கூலிக்கு வரும் பெயின்டர் வயிற்றுவலிக்கும் மூட்டுவலிக்கும் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தால், அந்தப் பட்டியலால் அவருக்கு என்ன பலன்?

மேஸ்திரிகிட்ட என்ன பேசணும்?

சட்டம் இல்லாத இடத்தில், நீங்கள் ரேட் பேசும் அந்தப் பத்து நிமிஷம்தான் சட்டம். "அண்ணா, சதுர அடி என்ன ரேட்?" என்பதோடு "பழசை எப்படி எடுப்பீங்க?" என்பதையும் கேளுங்கள். "எத்தனை வருஷமா பண்றோம், ஒண்ணும் ஆகலயே" என்ற பதில் வரும். வாதாட வேண்டாம். "வீட்ல கைக்குழந்தை இருக்குங்ணா, கூட ஒரு நாள் கூலி ஆனாலும் பரவால்ல, தண்ணி போட்டுத் தேய்ங்க" என்று சொல்லுங்கள். இந்த முறையில் வேலை மெதுவாகத்தான் நடக்கும். அதற்கான கூலியைத் தராமல் பாதுகாப்பை மட்டும் கேட்பது நியாயம் இல்லை.

முதல் கேள்வி, எல்லாவற்றையும் சுரண்டித்தான் ஆக வேண்டுமா? "மொத்தமா எடுத்துடுங்க" என்று நாமே சொல்வதுதான் பெரிய தப்பு. உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பெயின்ட் அங்கேயே இருக்கட்டும். லேசாக ஈரத்தில் தேய்த்து மேலே புது பிரைமர், புது கோட் அடித்தால் உள்ளே இருப்பது பூட்டப்பட்டுவிடும். உரிந்து தொங்கும் இடங்களை மட்டும் எடுத்தால் போதும். விதிவிலக்கு, கதவு ஜன்னல்கள் ஒன்றோடொன்று உரசும் விளிம்புகள். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை தானே பொடி பண்ணும். மரம் செல்லரித்துப் போயிருந்தால் சுரண்டுவதைவிட மொத்தமாகக் கழற்றி மாற்றுவது மேல்.

எடுக்கும் இடத்தில் ஸ்பிரேயரால் தண்ணீர் அடித்து நனைத்துவிட்டு, தகடால் சுரண்ட வேண்டும். தேய்க்க, உலர் உப்புத்தாளுக்குப் பதில் வாட்டர் பேப்பர். காயக் காய மறுபடி நனைக்க வேண்டும். பக்கத்தில் பிளக் பாயின்ட் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு வேலை. மெஷின் வேண்டாம். ப்ளோ லாம்ப் கூடவே கூடாது. தூசியாவது தரையில் விழும், ஈயப் புகை நேராக நுரையீரலுக்குப் போகும். பெயின்ட் ரிமூவர் பூசி எடுப்பதில் தூசி குறைவு. ஆனால் சிலவற்றின் ஆவியே ஆளை மயக்கிவிடும், மூடிய அறையில் பயன்படுத்தக் கூடாது.

தொடங்கும் முன் அந்த அறையிலிருந்து மெத்தை, பாய், திரைச்சீலை, பொம்மை எல்லாம் வெளியேற வேண்டும். தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து ஓரத்தை டேப்பால் ஒட்டுங்கள். அமெரிக்க விதிப்படி உள்ளே வேலை நடக்கும் இடத்திலிருந்து 6 அடி வரை, வெளியே என்றால் 10 அடி வரை விரிக்க வேண்டும். உள் அறைக்குப் போகும் வாசலில் ஈரத்துணியோ ஷீட்டோ தொங்கட்டும். ஃபேனை நிறுத்துங்கள். கேட்டுக்குப் பக்கத்தில் சம்ப் இருந்தால் அதன் மூடியைப் பாருங்கள். இதை நிறைய பேர் மறந்துவிடுகிறோம். வெளியே காயும் துணியையும் எடுத்துவிடுங்கள். குழந்தையும் கர்ப்பிணியும் பாட்டி வீட்டுக்குப் போவது பெயின்ட் அடிக்கும் நாளில் அல்ல, சுரண்டும் நாளில். கடைசி சுத்தம் முடிந்த பிறகுதான் திரும்பி வர வேண்டும்.

துணி மாஸ்க், கர்ச்சீஃப் எல்லாம் இதற்குப் போதாது. குறைந்தது முகத்தில் ஒட்டி நிற்கும் என்95. பெயின்டர்களுக்கு நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வாசலில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு சோப்பு. டீக்கும் பீடிக்கும் முன்னால் கை, முகம் கழுவட்டும். மாற்றுச் சட்டை கொண்டுவரச் சொல்லி, வேலைச் சட்டையைத் தனியாக ஒரு கவரில் கொண்டுபோகச் சொல்லுங்கள். வீட்டில் அதைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

சுத்தம் செய்யும்போது விளக்குமாறு எடுத்துப் பெருக்கினால் இவ்வளவு நேரம் பட்ட பாடும் வீண். தூசி மறுபடி எழும்பிவிடும். வீட்டு வேக்யூம் கிளீனரும் நைஸ் பொடியைப் பின்பக்கமாக ஊதித் தள்ளும். ஷீட்டை நனைத்து, உள்பக்கமாக மடித்து, கனமான பையில் கட்டுங்கள். தரை, ஜன்னல் திண்டு, அலமாரி எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, வேறு வாளியில் நல்ல தண்ணீரால் இன்னொரு முறை. துடைத்த தண்ணீரைத் தென்னைமரப் பாத்தியிலோ கீரைப் பாத்தியிலோ ஊற்ற வேண்டாம், கழிவறையில் ஊற்றுங்கள்.

கழற்றிய பழைய கதவு, ஜன்னல் சட்டங்களை என்ன செய்வது? போகியன்று கொளுத்துவோம், இல்லையென்றால் வெந்நீர் அடுப்புக்கு விறகாக்குவோம். இரண்டும் வேண்டாம். எரித்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் இருக்கும். அந்தச் சாம்பலை எடுத்துப் பாத்திரம் தேய்க்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமா?

சுரண்டும் முன்பே சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள விரும்பினால், எல்லாக் கோட்டும் சேர்ந்து வருவதுபோல ஒரு சின்னத் துண்டை உரித்து, என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லலாம். தேய்த்தால் நிறம் மாறும் கிட்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. அடி அடுக்கில் ஈயம் இருந்து மேல் கோட்டில் தேய்த்தால் `இல்லை' என்று ஏமாற்றிவிடும் என்பதால், அவை `இல்லை' என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம். ஆய்வகச் செலவு வேண்டாம் என்றால், 2017-க்கு முந்தைய எனாமல் எல்லாவற்றிலும் ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு, மேலே சொன்னபடி வேலை வாங்குங்கள். என்னைக் கேட்டால் இதுதான் சுலபம்.

புது டப்பா வாங்கும்போது 90 பிபிஎம் பற்றிய வரி இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடிக்க வாங்கும் குட்டி எனாமல் டப்பாவிலும்தான்.

ஏற்கெனவே சுரண்டியாச்சே...

போன மாசமே வேலை முடிந்துவிட்டது, வீட்டில் ரெண்டு வயசுக் குழந்தை இருக்கிறது என்றால் பதற வேண்டாம். முதலில் மேலே சொன்ன ஈரச் சுத்தத்தை முழு வீட்டுக்கும் செய்யுங்கள். ஜன்னல் திண்டு, கட்டிலுக்கு அடி, ஃபேன் இறக்கை உட்பட. பிறகு குழந்தைகள் நல மருத்துவரிடம் `வீட்டில் பழைய பெயின்ட் சுரண்டினோம்' என்று சொல்லி, ரத்தத்தில் ஈய அளவு பார்க்க எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தோன்றும். ஏனென்றால், ஈயத்துக்கென்று தனி அறிகுறி கிடையாது. வயிற்றுவலி, மலச்சிக்கல், எரிச்சல், பசியின்மை என்று எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான் வரும். பல நேரம் எதுவுமே வராது.

அளவு 5-ஐத் தாண்டினால் ஈயம் வரும் வழியை அடைப்பதுதான் முதல் வைத்தியம். கூடவே ராகி, பால், முருங்கைக்கீரை, நெல்லிக்காய் என இரும்பு, கால்சியம், வைட்டமின் சி உள்ள சாப்பாடு. இவை உள்ளே போன ஈயத்தை வெளியே எடுக்காது. இனிமேல் உறிஞ்சுவதைக் குறைக்கும். 45-ஐத் தொட்டால் ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து தேவைப்படலாம், அது ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்ய வேண்டியது. நாட்டு மருந்துக்கடையில் ஏதாவது வாங்கிக் கொடுத்துப் பார்க்கும் வேலை வேண்டாம்.

அந்த டெஸ்ட்டுக்குப் போகும்போது மேஸ்திரிக்கும் ஒரு போன் போட்டு, "அண்ணா, நீங்களும் உங்க பசங்களும் ஒருதடவை பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள்.